ரெண்டு நிமிஷப் பூட்டு

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்யாத ஆளே பூட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவான். பூட்டுச் செய்கிற அருள்நாதனைப் பேசவிட்டால் கேட்கவா வேண்டும்? எதிரில் நிற்பவருக்கு பஸ் போய்விடும், வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும், மனுஷன் நிறுத்த மாட்டார். கடை வாசலில் தேங்காய்ப் பருமனில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே பலகையும் மாட்டியிருந்தார். "நாதன் பூட்டு. சாவி இல்லாமல் திறப்பவருக்கு ரூ. 1001 பரிசு." பலகை மாட்டிப் பதினோரு வருஷம் ஆகியும் அந்தப் பணத்தை வாங்க ஒருத்தன் பிறக்கவில்லை.

முயற்சி செய்யாமலும் இல்லை. காலேஜ் பையன்கள் கொண்டை ஊசியோடு வந்தார்கள். சைக்கிள் ரிப்பேர்க்காரர் ஒருவர் கொத்துச் சாவியோடு வந்தார். மத்திய சிறையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர், கைத்தொழில் மறந்துவிடக் கூடாதே என்று வந்து பார்த்தார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். பூட்டுக்குள்ளே அருள்நாதன் சின்னதாய் ஒரு மணி வைத்திருந்தார். தப்பான சாவியை விட்டுத் திருகினால் "டிங்" என்று அடிக்கும். "அடிச்சிருச்சா? சரி, போயிட்டு வாங்க" என்பார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் குழந்தை பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை என்று அவர் பெண்டாட்டி ஆனந்தமேரி சொல்லுவாள்.

எண்பத்துநாலாம் வருஷம் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கார் வாங்க வேண்டும்! பூட்டு மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் இறங்கினால் எவன் மதிக்கிறான்? காரில் போய் இறங்கினால் ஐம்பது பூட்டு வாங்குகிறவன் நூறு வாங்குவான். கன்னிவாடிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் இருபது வருஷத்துப் பழைய ஃபியட் ஒன்று விலைக்கு வந்தது. கையிலிருந்த காசு பாதிக்குத்தான் கண்டது. மீதிக்கு ஆனந்தமேரியின் இரட்டைவடச் சங்கிலியும் நாலு வளையலும் அடகுக்குப் போயின.

"ஆறே மாசம், மேரி. நகை திரும்ப உன் கழுத்துல கிடக்கும்."

"கார்ல போறது சரிங்க. கழுத்துல ஒண்ணும் இல்லாம கார்ல போனா, பாக்குறவுக வாடகைக்காருன்னு நினைப்பாக" என்றாள் அவள்.

அவள் சொன்னது அப்படியே பலித்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காரில் போய் இறங்குவாள், கழுத்தில் தாலி மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டு அன்னாள் நடந்தே வருவாள், கழுத்து நிறைய இருக்கும். அன்னாள் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சங்கிலியை இப்படியும் அப்படியும் இழுத்துவிட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனந்தமேரிக்கு அன்றைய பூசை அதோடு போச்சு.

அந்தக் கார் இருக்கிறதே, அது பூட்டுக்காரர் வாங்கக் கூடிய காரா? கதவுப் பூட்டெல்லாம் தேய்ந்து போயிருந்தது. வீட்டுப் பீரோ சாவியை விட்டாலும் கதவு திறக்கும். ஸ்பூன் காம்பை விட்டுத் திருகினாலும் இஞ்சின் கிளம்பும். வேறு யாராவதாக இருந்தால் மதுரைக்குப் போய் புதுப் பூட்டு வாங்கி மாட்டியிருப்பார்கள். அருள்நாதனுக்கு அதைவிட அவமானம் வேறு உண்டா? டிரைவர் பக்கக் கதவில் துளை போட்டு, வீட்டு நிலைக்கதவுக்கு அடிக்கிற மாதிரி இரும்புக் கொண்டி அடித்தார். அதில் தன் கையாலேயே செய்த மணிப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். மற்ற மூன்று கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள். முதலில் அவர் ஏறி, குனிந்து நெளிந்து ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் திறந்துவிட்டால்தான் குடும்பம் ஏற முடியும். கொண்டியைப் பார்த்த மெக்கானிக் பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் சிரித்தது. அருள்நாதன் அதையும் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இந்தக் காருக்கு இன்சூரன்ஸ் போட வைத்தவன் பொன்ராஜ். அருள்நாதனைவிடப் பத்து வயசு இளையவன், ஏஜெண்ட். எந்த வீட்டில் வண்டி வாங்கினாலும் மாலை வாடுமுன் ஃபாரத்தோடு நிற்பான்.

"என் பூட்டு தொங்குற வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுக்கு அப்பு?"

"அதனாலதாண்ணே கேக்குறேன். உங்க வண்டி களவு போகவே போகாது. கம்பெனிக்கு நஷ்டமே இல்லாத ஒரு பாலிசியாச்சும் நான் புடிச்சுக் குடுக்க வேணாமா?"

புகழ்ச்சி என்று வந்துவிட்டால் அருள்நாதன் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுவார். போட்டார்.

அடுத்த மார்ச் மாதம் அது நடந்தது. சின்னாளப்பட்டியில் முத்துச்சாமி என்று ஒரு சேலை வியாபாரி. சுங்குடிச் சேலைகளை மொத்தமாக வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர், வயதில் பெரியவர். புதிதாக மூன்று குடோன் கட்டியிருந்தார். ஜன்னல், கதவு, அலமாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுபது பூட்டு வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அறுபது பூட்டு! அருள்நாதன் அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி, காரைத் துடைத்து, பதினோரு மணி வெயிலில் சின்னாளப்பட்டி போய் இறங்கினார். காரைப் பூட்டினார், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், குடோனுக்குள் போனார்.

"எங்கப்பா அருளு, சாம்பிளு?" என்றார் முத்துச்சாமி.

சாம்பிள் பை வீட்டுக் கட்டிலில் கிடந்தது. வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தவர் பையை மறந்துவிட்டார். வேறு வியாபாரியாக இருந்தால் "நாளைக்கு எடுத்தாரேன் அண்ணாச்சி" என்றிருப்பான். அருள்நாதனால் முடியுமா? ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து பூட்டைக் காட்டு என்கிறார், காட்டாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. "செத்த இருங்க, வாரேன்" என்று வெளியே ஓடினார். கார்க் கொண்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றினார். வெறும் பூட்டை அழுத்திப் பூட்டி, சாவியை மடியில் சொருகிக்கொண்டு, பூட்டோடு உள்ளே வந்தார்.

உள்ளே திருவிழாதான். முத்துச்சாமி தன் இடுப்புக் கொத்திலிருந்த சாவியெல்லாம் விட்டுப் பார்த்தார். டிங். கணக்குப்பிள்ளை விட்டுப் பார்த்தார். டிங். சாயம் போடுகிற இரண்டு பேர் நீலக் கையோடு வந்து முயற்சி செய்தார்கள். டிங், டிங். காப்பி வந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் அருள்நாதன் தொடையில் தட்டிக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வெளியே ஒரு கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. கேட்டதா இல்லையா? நன்றாகவே கேட்டது. "ஃபியட்டு. நல்ல இஞ்சின் அண்ணாச்சி, என்னுது மாதிரியே" என்று சொன்னதும் அவர்தான்.

அறுபது பூட்டும் முடிவாகி, முன்பணம் நாளைக்கு என்று பேசி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கார் நின்ற இடத்தில் நாலு சொட்டு ஆயில் கிடந்தது. ஒரு ஆடு அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

முத்துச்சாமி வெறும் தெருவைப் பார்த்தார். அருள்நாதன் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். பூட்டு பத்திரமாகப் பூட்டியிருந்தது.

"ஏப்பா அருளு... பூட்டை இங்க வச்சுக்கிட்டு காரை எங்கப்பா விட்ட?"

 அருள்நாதன் கண்ணுக்கு முதலில் வந்தது கார் இல்லை, ஆனந்தமேரியின் வெறும் கழுத்து. முத்துச்சாமி வீட்டு போனிலிருந்து பொன்ராஜுக்குத்தான் கூப்பிட்டார். போலீசுக்கு அப்புறம்தான். பொன்ராஜ் அரை மணியில் மொபெட்டில் வந்து இறங்கினான். கதையை முழுக்கக் கேட்டான். கேட்டு முடித்ததும் அவன் செய்த முதல் காரியம், அருள்நாதன் கையிலிருந்த பூட்டை வாங்கித் தன் தோல் பைக்குள் போட்டுக்கொண்டது.

"அண்ணே, இந்தப் பூட்டை இன்னைக்கு நீங்க கண்ணாலயும் பாக்கல."

"ஏன்டா?"

"கார் பூட்டாம இருந்துச்சுன்னா கவனக்குறைவு. கம்பெனி பத்துப் பைசா தராது. பூட்டியிருந்துச்சு, திருடன் பூட்டை உடைச்சுட்டான்னா பணம் வரும். ரெண்டுல எது வேணும்?"

அருள்நாதனுக்கு முகம் சிவந்தது. "என் பூட்டை உடைச்சான்னு நான் சொல்றதா? நான்?"

"அப்ப திறந்தான்னு சொல்லுங்க."

"அடேய்!"

"கோவப்பட்டா ஆச்சாண்ணே? ஒண்ணு பூட்டு மானம். இல்லைன்னா மதினி நகை. நீங்களே முடிவு பண்ணுங்க."

வேறு வழி இருக்கிறதா என்று அவரும் பார்த்தார். பூட்டைத் தொடாமல் கொண்டியை மட்டும் பெயர்த்துவிட்டதாகச் சொன்னால் என்ன? பொன்ராஜ் உதட்டைப் பிதுக்கினான். "கொண்டி அடிச்சது யாரு? நீங்க. கார்ல கொண்டி அடிக்கச் சொன்னது யாருன்னு கேப்பான். அதுவும் கவனக்குறைவுல போயிரும்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அருள்நாதன் கோபித்துக்கொண்டாலும் சரி. நகைக்காக மட்டும் அவர் அன்றைக்குத் தலையாட்டவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் எப்படிச் சொல்வது? "காரைத் திறந்து போட்டுட்டு, பூட்டை மட்டும் பத்திரமா உள்ள தூக்கிட்டுப் போனீங்களா?" என்று ஆனந்தமேரி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். அந்த ஒரு கேள்வியை அவர் சாகிறவரைக்கும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவாள். அது அன்னாள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய், சாமியார் பிரசங்கத்திலேகூட வந்துவிடும். தான் முட்டாள் ஆவதைவிடப் பூட்டு முட்டாள் ஆகட்டும் என்று அவர் முடிவு செய்தார். மனுஷன் அவ்வளவுதான். பூட்டுக்கு வாய் இருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கும்.

தானும் தன் ஆட்களும் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல முத்துச்சாமி ஒப்புக்கொண்டார். ஸ்டேஷனில் ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"பூட்டியிருந்துச்சாய்யா?"

"பூட்டியிருந்துச்சு."

"அப்ப பூட்டை உடைச்சு..." என்று எழுதப் போனார்.

அருள்நாதனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அய்யா, உடைச்சுன்னு எழுதாதீங்க. நாதன் பூட்டை உடைக்க முடியாது."

"சரி, கள்ளச்சாவி போட்டுத் திறந்து..."

"அதுவும் முடியாதுங்கய்யா. மணி அடிக்கும்."

ஏட்டு பேனாவை மூடினார். "யோவ், உடைக்கவும் முடியாது, திறக்கவும் முடியாதுன்னா உன் காரு இன்னும் அங்கதான்யா நிக்கணும்? போய் நல்லாத் தேடிப் பாரு."

பொன்ராஜ் அவர் காலை நறுக்கென்று மிதித்தான். "அறுத்துட்டான்யா. ரம்பம் போட்டு அறுத்துட்டான்னு எழுதிக்கங்க" என்றான். அறுத்து என்பது உடைத்து என்பதைவிடக் கொஞ்சம் கௌரவமாக அருள்நாதனுக்குப் பட்டது. சரி என்று தலையாட்டினார்.

கம்பெனி சும்மா விடுமா? மதுரையிலிருந்து சர்வேயர் வருகிறார், அறுத்த பூட்டைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது. பொன்ராஜ் பையிலிருந்த பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் மேல் ஒரு கீறல் இல்லை. "அண்ணே, ஞாயித்துக்கிழமைக்குள்ள அறுத்து வச்சுருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்நாதன் நேராகப் பட்டறைக்குப் போனார். ஆட்களுக்கு லீவு. கதவைச் சாத்திக்கொண்டார். பூட்டைப் பட்டறைக் குறட்டில் இறுக்கி, ரம்பத்தை எடுத்து வைத்தார். பிளேடு வழுக்கியது. இன்னும் அழுத்தினார். ஒரு மணி நேரத்தில் பிளேடு பல் எல்லாம் உதிர்ந்து போனது. பூட்டு வளையத்தில் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. சுத்தியலால் நாலு போடு போட்டார். கைதான் அதிர்ந்தது. இரண்டாவது பிளேடு. அது பாதியில் ஒடிந்தது. சட்டையைக் கழற்றி எறிந்தார். மூன்றாவது பிளேடு.

வேர்வையோடு வேர்வையாய்க் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்த வளையத்துக்கு இரும்பு தேடி அவர் எத்தனை பழைய இரும்புக் கடை ஏறி இறங்கியிருப்பார்! எத்தனை தரம் காய்ச்சி எண்ணெயில் முக்கியிருப்பார்! "அறுபட மாட்டேங்குதே, அறுபட மாட்டேங்குதே" என்று புலம்பினார். அது வருத்தத்திலா, பெருமையிலா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான். வாழ்நாளில் அவர் பூட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி அந்த மூன்று மணி நேரம். அதை ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொல்ல முடியாது. கடைசியில் வளையம் அறுந்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துப் போயிருந்தது. வீட்டில் குழம்பும் வெஞ்சனமும் ஆறிக் கிடந்தன.

சர்வேயர் கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். கடைக்கே வந்து உட்கார்ந்தார். அறுந்த பூட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"நைசா அறுத்திருக்கானே. ரெண்டு நிமிஷ வேலை."

கொப்புளம் இன்னும் ஆறாத கையால் அருள்நாதன் தொடையில் ஓங்கி அடித்தார். "ரெண்டு நிமிஷமா? என்ன சார் பேசுறீங்க? மூணு மணி நேரம்! மூணு பிளேடு!"

சர்வேயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பொன்ராஜ் அந்தப் பக்கம் திரும்பி சிலுவை போட்டுக்கொண்டான். அவன் இந்து.

"மூணு மணி நேரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல சார்... ஆயிருக்கும்னு சொல்ல வந்தேன். இரும்பு அப்படி."

"பட்டப்பகல்ல, சின்னாளப்பட்டி ரோட்டுல, ஒருத்தன் மூணு மணி நேரம் உக்காந்து அறுத்தானா? போறவன் வாரவன் என்னன்னு கேக்கலையா? நீங்க உள்ள இருந்ததே முக்கால் மணி நேரம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

அருள்நாதன் பொன்ராஜைப் பார்த்தார். பொன்ராஜ் கூரையைப் பார்த்தான். கடை வாசலில் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நிமிஷம்னு எழுதுறது?" என்றார் சர்வேயர்.

"எழுதிக்கங்க."

"எத்தனை?"

"ரெண்டு."

பூட்டு வியாபாரி அருள்நாதனாகிய நான், என் சொந்தத் தயாரிப்பான பூட்டு இரண்டே நிமிடத்தில் அறுக்கப்படக் கூடியது என்று அனுபவத்தின் பேரில் கருதுகிறேன் என்று சர்வேயர் நிதானமாக எழுதி முடித்தார். அருள்நாதன் கையெழுத்துப் போட்டார். கொப்புளம் உடைந்து பேப்பரில் லேசாக ஈரம் பட்டது.

அது எப்படித்தான் வெளியே போயிற்றோ. ஒரு வாரத்தில் ஏதோ ஒரு சாயங்காலப் பேப்பரில் நாலு வரி வந்துவிட்டது. "பூட்டு வியாபாரி காரில் கைவரிசை. இரண்டே நிமிடத்தில் பூட்டு அறுப்பு." அவ்வளவுதான், ஊருக்கு அல்வா கிடைத்தது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டதும், "அண்ணனுக்கு ஒரு டீ, ரெண்டு நிமிஷத்துல" என்பான் ஒருவன். "திருடன் வந்து ஆயிரத்தொண்ணு கேட்டா குடுத்துருவீகளா?" என்பான் இன்னொருவன்.

"அறுத்தான்யா, திறக்கல! பலகையில திறப்பவருக்குன்னுதான் போட்டிருக்கு" என்று அருள்நாதன் கத்துவார்.

"அறுத்தப்புறம் திறந்துச்சா இல்லையா?"

ஒரு நாள் தபாலில் கார்டு ஒன்று வந்தது. "அய்யா, தங்கள் பரிசுத் தொகை ரூ.1001ஐ மணியார்டரில் அனுப்பவும். நேரில் வர இயலாத நிலையில் உள்ளேன். இப்படிக்கு, கார் எடுத்தவன்." டீக்கடைக் கூட்டத்தின் வேலைதான், எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். கடைக்கு ஒரு பேர் இருந்தது, நாதன் பூட்டுக் கடை. இப்போது வழி கேட்டால் "ரெண்டு நிமிஷப் பூட்டுக் கடையா? அந்த முக்குல திரும்புங்க" என்றார்கள்.

ஒரே ஒரு நம்பிக்கை முத்துச்சாமி. அந்தப் பூட்டை உலகத்தில் முழுசாக அறிந்தவர் அவர்தானே. எந்தச் சாவிக்கும் மசியவில்லை என்று கண்ணால் கண்டவர், காதால் கேட்டவர். அறுபது பூட்டையும் செய்து முடித்துவிட்டு பஸ்சில் சின்னாளப்பட்டி போனார் அருள்நாதன்.

முத்துச்சாமி காப்பி கொடுத்தார். ரொம்ப நேரம் துண்டை மடித்து மடித்து வைத்தார்.

"பூட்டு நல்ல பூட்டுப்பா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆனா திருடனுக்குத் தெரியாதே! இந்தக் குடோன்ல தொங்குறது ரெண்டு நிமிஷப் பூட்டுன்னு அவன் பேப்பர்ல படிச்சிருப்பான். உன் பூட்டை மாட்டுனேன்னா நானே அவனுக்கு வெத்தலை பாக்கு வச்ச மாதிரி ஆயிரும்."

"அண்ணாச்சி, நீங்களாச்சும் நாலு பேர்ட்ட சொல்லலாம்ல?"

"என்னன்னு சொல்ல? கார் பூட்டாமத்தான் கிடந்துச்சுன்னா? சொல்லட்டுமா?"

அருள்நாதன் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். அறுபது பூட்டும் அதே பஸ்சில் திரும்பி வந்தன. கண்டக்டர் லக்கேஜ் வேறு போட்டான்.

பணம் உடனே வந்ததா என்றால் அதுவும் இல்லை. காரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் ஒரு சான்று கொடுக்க வேண்டும், அது இருந்தால்தான் கம்பெனி அசையும். அந்தச் சான்று தயாராகிற நேரம் பார்த்து மதுரை மாவட்டம் இரண்டானது. திண்டுக்கல்லே ஒரு மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் தோரணம் கட்டினார்கள். அருள்நாதன் மட்டும் தோரணத்தைத் திட்டிக்கொண்டே மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்தார். இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. கடைசியில் சான்று கிடைத்தபோது கார் போய்ப் பத்து மாசம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு காரின் சாவி, ஆர்.சி. புத்தகம், முத்திரைத்தாளில் ஒரு கடிதம். கார் எப்போதாவது கிடைத்தால் அது கம்பெனிக்கே சொந்தம், எனக்குச் சம்பந்தமில்லை என்று. அதற்கும் ஒரு கையெழுத்து.

எண்பத்தாறு பிப்ரவரியில் செக் வந்தது. தேய்மானம் போக, அது போக, இது போக, பதினாலாயிரத்துச் சொச்சம். கூட ஒரு இங்கிலீஷ் கடிதம். பொன்ராஜ் படித்துச் சொன்னான்.

"கொண்டி, தாழ்ப்பாளு, பூட்டு இதெல்லாம் காரோட வந்த சாமான் இல்லையாம். அதுக்குப் பணம் கிடையாதாம்."

"சரி."

"கடைசில ஒரு வரி இருக்கு. விடுங்கண்ணே."

"படி."

"இனிமே வண்டி வாங்குனா... தரமான பூட்டாப் பாத்து மாட்டச் சொல்லி ஆலோசனை குடுத்திருக்காக."

அருள்நாதன் அந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பொன்ராஜ் காசு வந்த சந்தோஷத்தில் மொபெட்டிலேயே அவரை பேங்குக்குக் கூட்டிப் போனான். செக் பணமாவதற்கு இன்னொரு வாரம். பணம் கைக்கு வந்த அன்றைக்கே அடகுக் கடைக்குப் போனார். வட்டியும் முதலுமாகக் கட்டி, சங்கிலியையும் நாலு வளையலையும் கைக்குட்டையில் முடிந்து வாங்கினார். வழியில் ஒரு ரூபாய்க்கு மல்லிகைப் பூவும் வாங்கினார். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்த மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்! டீக்கடையில் ஒருவன் "ரெண்டு நிமிஷம்" என்று கத்தினான். கத்திவிட்டுப் போகட்டும்.

ஆனந்தமேரி கைக்குட்டையைப் பிரித்தாள். சங்கிலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அப்புறம் வெளியே போய் ரொம்ப உரக்க, "அன்னாளு, அடுப்புல வேலையா இருக்கியா?" என்று கூப்பிட்டாள். அன்னாள் வந்தாள், பார்த்தாள், "நல்லாருக்கு" என்றாள். ஆனந்தமேரிக்கு அன்றைக்குத்தான் பசி எடுத்தது. அருள்நாதன் கட்டிலில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். போனால் போகிறது, பூட்டின் பேர்தானே போயிற்று, இந்த முகம் திரும்ப வந்ததே என்று நினைத்தார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

சாயங்காலம் அவள் நகைகளைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெட்டியில் கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் செய்து கொடுத்த நாதன் பூட்டுதான் தொங்கும். அதைக் காணோம். பார்த்தால் ஜன்னல் ஓரத்தில் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் முந்தானை முடிச்சிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தாள். வடக்கேயிருந்து வருகிற பூட்டு. அலிகார்.

"இது ஏது?" என்றார்.

"கோவிச்சுக்கிறாதீங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "முட்டை வித்த காசுல வாங்குனேன். ரெண்டு வருஷம் அடகுல கிடந்து வந்த நகை. போன தடவை காருதானேன்னு விட்டாச்சு. இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

அருள்நாதன் வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மூணு மணி நேரம், மேரி. மூணு பிளேடு. எவனும் அறுக்கல, நான்தான் அறுத்தேன். அன்னாள் மறுபடியும் வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் கம்பெனிக் கடிதம் நாலாய் மடிந்து கிடந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆனந்தமேரி பூட்டை மாட்டி அழுத்தினாள். அவர் செய்கிற மாதிரியே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். இருந்த இடத்திலிருந்தே அருள்நாதனுக்குத் தெரிந்தது. அவள் தலையிலிருக்கிற கொண்டை ஊசியைக் கொடுத்தால் போதும், ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிப்பதற்குள் அதைத் திறந்துவிடுவார்.

"நீங்க தொழில் தெரிஞ்சவுக. நீங்களே ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள். "இதையாச்சும் திருடன் திறக்க மாட்டான்ல?"

அவர் எழுந்து வந்து குனிந்தார். பித்தளைப் பூட்டைக் கையில் ஏந்தி, திருப்பி, சாவித் துவாரத்தைப் பார்த்தார். உள்ளங்கையில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தழும்பு இன்னும் இருந்தது.

"திறக்க மாட்டான், மேரி" என்றார். "நல்ல பூட்டு."